லட்லோவும் சுற்றுவட்டாரமும்: காரில் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வருகிற பெற்றோர், புதிதாக வேலைக்கு வந்தவர்கள், படிக்க வந்த மாணவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: லண்டனைப் பார்த்தாச்சு, இங்கிலாந்தின் கிராமப்புறத்தைப் பார்க்க எங்கே போகலாம்? நான் எப்போதும் சொல்கிற பதில் லட்லோ. அதற்குப் பிறகு வரும் சந்தேகங்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால், அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

லட்லோ எங்கே இருக்கு? பேரே கேள்விப்பட்டதில்லையே?

இங்கிலாந்தின் மேற்கு ஓரத்தில், வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் இருக்கிறது. டீம் என்ற சிறிய ஆறு வளைந்து ஓட, அதன் கரையில் ஒரு குன்று. அதன் மேல் கோட்டை, தேவாலயம், சந்தைத் திடல், இறங்கிப் போகும் தெருக்கள். ஏறக்குறைய 11,000 பேர் வாழும் ஊர். அதில் சட்டப் பாதுகாப்புப் பெற்ற பழைய கட்டடங்கள் மட்டும் 500-ஐ நெருங்கும்.

பர்மிங்காமிலிருந்து சுமார் ஒன்றேகால் மணி நேரம். லண்டனிலிருந்து மூன்றரை மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். அந்தத் தூரம்தான் இந்த ஊரைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. சுற்றுலாப் பேருந்துகள் பெரும்பாலும் காட்ஸ்வோல்ட்ஸ் என்ற பிரபலமான கிராமப் பகுதிக்குப் போய்விடுகின்றன.

காட்ஸ்வோல்ட்ஸ்தானே எல்லாரும் போறாங்க? அதைவிட இதுல என்ன இருக்கு?

காட்ஸ்வோல்ட்ஸ் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கோடை வார இறுதியில் அங்கே வண்டி நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். லட்லோவில் நீங்கள் பார்ப்பது அன்றாடம் இயங்கும் ஊர். கோட்டை வாசலுக்கு எதிரே திறந்தவெளிச் சந்தை, திங்கள், புதன், வெள்ளி, சனி என்று வாரத்தில் நான்கு நாள் கூடுகிறது. உள்ளூர்க்காரர்கள் பையோடு வந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கிப் போகிறார்கள்.

இன்னொரு காரணம் நமக்கே உரியது. இந்த ஊருக்கும் சென்னைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கோட்டையைப் பற்றிய பதிலில் சொல்கிறேன்.

ரயில் போகுதாமே? அப்புறம் கார் எதுக்கு?

ரயில் நிலையம் இருக்கிறது. ஷ்ரூஸ்பரிக்கும் ஹெரிஃபோர்டுக்கும் இடையில் ஓடும் ரயில்கள் நிற்கும். லட்லோவை மட்டும் பார்க்க நினைத்தால் ரயிலே போதும்; நிலையத்திலிருந்து கோட்டைக்கு நடந்தே போய்விடலாம்.

சுற்றியுள்ள இடங்களுக்குத்தான் கார் வேண்டும். கிராமப் பேருந்துகள் குறைவு, ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு. ஸ்டோக்சே கோட்டை, போவிஸ் கோட்டை, அயர்ன்பிரிட்ஜ் இரும்புப் பாலம் மூன்றையும் பேருந்தில் பார்க்க வேண்டுமானால் ஒரு வாரம் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும்.

நம்ம ஊர் லைசென்ஸ்ல ஓட்டலாமா? இன்டர்நேஷனல் பெர்மிட் எடுக்கணுமா?

சுற்றுலாவாக வருபவர், செல்லுபடியாகும் இந்திய அல்லது இலங்கை உரிமத்தில் 12 மாதம் வரை கார் ஓட்டலாம். சட்டம் இவ்வளவுதான் கேட்கிறது. வாடகை நிறுவனங்கள் இதற்கு மேலும் நிபந்தனை வைக்கும். சிலர் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி கேட்பார்கள். ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும் என்பார்கள். 25 வயதுக்குக் குறைந்தவரிடம் கூடுதல் பணம் வாங்குவார்கள். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே அந்த அனுமதியையும் வாங்கி வந்துவிடுங்கள். இங்கே வந்தபிறகு அதை வாங்க வழியில்லை.

முன்பதிவு செய்யும்போது ஆட்டோமேட்டிக் கியர் என்று கவனமாகத் தேர்ந்தெடுங்கள். எதுவும் சொல்லாவிட்டால் பல இடங்களில் மேனுவல்தான் தருவார்கள். சென்னைப் போக்குவரத்தில் மேனுவல் ஓட்டிப் பழகியவருக்கு அது சிரமமில்லை. ஆனால் புதிய சாலை, புதிய விதிகள், மலைச்சரிவு மூன்றும் சேரும்போது கியர் கவலை இல்லாமல் இருப்பது பெரிய நிம்மதி.

அண்ணா, நான் ஸ்டூடன்ட் விசாவில் வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு. ஊர் லைசென்ஸ் இன்னும் செல்லும்ல?

செல்லாது, தம்பி. 12 மாதம் என்ற கணக்கு, இங்கே குடியிருப்பவராக ஆன நாளிலிருந்து ஓடுகிறது. அது முடிந்ததும் பிரிட்டிஷ் தற்காலிக உரிமம் எடுத்து, எழுத்துத் தேர்வும் ஓட்டுநர் தேர்வும் தேற வேண்டும். நடுவில் ஊருக்குப் போய்த் திரும்பினால் கணக்கு மறுபடி தொடங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குடியிருப்பவருக்கு அது பொருந்தாது.

உரிமம் செல்லாமல் ஓட்டினால் காப்பீடும் கைகொடுக்காது. அதற்குத் தரும் தண்டனை, பின்னாளில் விசா நீட்டிப்பு விண்ணப்பத்திலும் எழுத வேண்டிய விஷயமாகிவிடலாம். நண்பர் ஒருவரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து போங்கள்.

இங்கேயும் இடப்பக்கம்தானே? அப்போ ஊர்ல ஓட்டுற மாதிரியே ஓட்டலாம்ல?

பக்கம் ஒன்றுதான், பழக்கம் வேறு. முதலில் ரவுண்டானா. உங்கள் வலப்பக்கத்திலிருந்து வருகிற வண்டிக்கு வழிவிட்டு, இடைவெளி கிடைத்ததும் நுழைய வேண்டும். எதிர்வண்டி விளக்கை மின்னினால், ஊரில் "நான் வர்றேன், ஒதுங்கு" என்று அர்த்தம். இங்கே பெரும்பாலும் "நீங்க போங்க" என்று அர்த்தம். இந்த ஒன்றைத் தலைகீழாகப் புரிந்துகொண்டால் விபத்துதான், ஆகவே விளக்கு மின்னுவதை மட்டும் நம்பாமல் அந்த வண்டி உண்மையிலேயே நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். ஹாரன் அடிப்பதை இங்கே திட்டுவதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

வேகமெல்லாம் மைலில். தெருவிளக்கு உள்ள ஊர்ப்பகுதியில் பொதுவாக 30 மைல். வெள்ளை வட்டத்தில் சாய்ந்த கறுப்புக் கோடு தெரிந்தால், நடுத்தடுப்பு இல்லாத சாலையில் 60, தடுப்பு உள்ள சாலையில் 70. அந்த 60 உச்சவரம்பு மட்டுமே. வளைந்து போகும் கிராமச் சாலையில் அந்த வேகத்தில் போக வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. பின்னால் ஒருவர் நெருக்கினால், பாதுகாப்பான இடம் பார்த்து ஒதுங்கி அவரை விட்டுவிடுங்கள்.

பின்சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும், பாட்டி உட்பட. 12 வயது ஆகும் வரை, அல்லது 135 செ.மீ. உயரம் வரும் வரை, பிள்ளைகளுக்கு அவர்களுக்கேற்ற இருக்கை கட்டாயம்.

சிங்கிள் ரோடுன்னு சொல்றாங்களே, எதிர்ல வண்டி வந்தா என்ன பண்றது?

இதுதான் எல்லாரையும் பயமுறுத்துவது. ஷ்ராப்ஷயரின் உட்புறச் சாலைகள் சிலவற்றில் ஒரு கார் போகத்தான் அகலம். இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் வேலிச்செடி, வளைவுக்கு அப்பால் எதுவும் தெரியாது. ஆங்காங்கே ஒதுங்கிக்கொள்ள அகலமான இடம் விட்டிருப்பார்கள். எதிரே வண்டி வந்தால், அந்த இடத்துக்கு யார் அருகில் இருக்கிறாரோ அவர் நிற்பார் அல்லது பின்னால் நகர்வார். உங்கள் இடப்பக்கம் அந்த இடம் இருந்தால் அதில் ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரே உங்கள் பக்கத்திலேயே நின்றால் போதும், எதிரில் வருபவர் அதில் புகுந்து சுற்றிப் போவார். கடக்கும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி நன்றி சொல்வது இங்குள்ள வழக்கம். டிராக்டர் வந்தால் யோசிக்காமல் நீங்களே பின்வாங்குங்கள்.

குதிரையில் வருபவர்களைக் கடக்கும்போது 10 மைல் வேகத்துக்கு மேல் வேண்டாம், 2 மீட்டராவது இடைவெளி விடுங்கள். மழைக்காலத்தில் சாலையில் நீர் தேங்கியிருந்தால், ஆழம் தெரியாமல் இறங்க வேண்டாம்.

இதில் பாதிச் சிரமத்தைத் தவிர்க்க வழி உண்டு. வரைபடச் செயலி "2 நிமிடம் மிச்சம்" என்று சொல்லி இந்தச் சந்துகளுக்குள் தள்ளிவிடும். ஏ49 போன்ற எண்ணிட்ட பெரிய சாலையிலேயே போங்கள். கிராமத்தில் ஒரே அஞ்சல் குறியீடு பல பண்ணைகளுக்குப் பொதுவாக இருக்கும். குறியீட்டைப் போட்டால் ஏதோ ஒரு மாட்டுக்கொட்டகை வாசலில் நிற்பீர்கள். இடத்தின் பெயரையே போட்டுத் தேடி, பக்கத்தில் வந்ததும் வெள்ளை எழுத்துள்ள பழுப்புப் பலகைகளைப் பின்பற்றுங்கள். அவை வரலாற்று இடங்களுக்கும் சுற்றுலா இடங்களுக்கும் வழிகாட்டுபவை. சில பள்ளத்தாக்குகளில் மொபைல் சிக்னல் இருக்காது, ஆகவே வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பர்மிங்காம்ல இருந்து எந்த வழி நல்லா இருக்கும்?

கிடெர்மின்ஸ்டர் வரை ஏ456, பிறகு கிளியோபரி மார்ட்டிமர் வழியாக ஏ4117. இந்தச் சாலை கிளீ ஹில் என்ற மலைத்தோளின் மேல் ஏறி இறங்குகிறது. மேலே மேய்ச்சல் பொதுநிலம், வேலி கிடையாது. செம்மறியாடுகள் சாலை ஓரத்திலேயே படுத்திருக்கும், நினைத்தால் எழுந்து குறுக்கே நடக்கும். அங்கே மெதுவாகப் போங்கள். ஆடுகளுக்காக மட்டும் சொல்லவில்லை. வானம் தெளிவாக இருந்தால் மேற்கே வேல்ஸ் மலைகள் வரை அடுக்கடுக்காகத் தெரியும். ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்க்க வேண்டிய இடம் அது.

ஊருக்குள்ள பார்க்கிங் எப்படி? ஃபைன் போடுவாங்களா?

கோட்டைக்கு அருகிலேயே கட்டண நிறுத்தம் உண்டு, சந்தை நாளில் சீக்கிரம் நிரம்பிவிடும். ஏ49 ஓரமாக வண்டியை விட்டுவிட்டுப் பேருந்தில் ஊருக்குள் வரும் வசதியும் இருக்கிறது. சாலை ஓரத்தில் இரட்டை மஞ்சள் கோடு இருந்தால் ஒரு நிமிடம்கூட நிறுத்தி வைக்க வேண்டாம். ஒற்றைக் கோடு என்றால் பக்கத்துப் பலகையில் நேரம் எழுதியிருப்பார்கள்.

தனியார் நிறுத்தங்களில் கேமரா வண்டி எண்ணைப் படித்துக்கொள்ளும். சீட்டுக் கொடுக்க ஆள் வரமாட்டார். அபராதம் வாடகை நிறுவனத்துக்குப் போகும், அவர்கள் தங்கள் கட்டணத்தையும் சேர்த்து உங்கள் கார்டில் எடுத்துக்கொள்வார்கள். உள்ளே நுழைந்ததும் பலகையைப் படித்துவிடுவது நல்லது.

கோட்டைல பார்க்க என்ன இருக்கு? இடிஞ்சு போச்சுன்னு சொன்னாங்களே?

கூரை இல்லை என்பது உண்மை. ஆனால் சுவர்கள், கோபுரங்கள், படிக்கட்டுகள் நிற்கின்றன. 11-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மன்கள் தொடங்கிய கோட்டை இது. உள் முற்றத்தில் வட்ட வடிவத்தில் ஒரு சிற்றாலயம் இருக்கிறது, 12-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். இங்கிலாந்தில் இந்த வடிவம் அரிது. உள்ளே போய்ச் சுவரைச் சுற்றி ஓடும் சிறு வளைவுகளைக் கவனியுங்கள்.

இந்த முற்றத்தில் நடந்தவை இங்கிலாந்தின் போக்கையே மாற்றியவை. 1483 ஏப்ரலில், தந்தை நான்காம் எட்வர்டு இறந்த செய்தி வந்தபோது 12 வயது இளவரசன் எட்வர்டு இங்கேதான் இருந்தான். மன்னனாக லண்டனுக்குப் புறப்பட்டவன், தம்பியோடு லண்டன் கோபுரத்தில் வைக்கப்பட்டு, பிறகு யார் கண்ணிலும் படாமல் போனான். 1502 ஏப்ரலில், ஏழாம் ஹென்றி மன்னரின் மூத்த மகனான இளவரசர் ஆர்தர் தமது 15-ஆவது வயதில் இதே கோட்டையில் இறந்தார். அவருக்கும் ஸ்பெயின் நாட்டுக் கேத்தரினுக்கும் திருமணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. கேத்தரின் பின்னர் ஆர்தரின் தம்பி எட்டாம் ஹென்றியை மணந்தார். பல ஆண்டுகள் கழித்து ஹென்றி மணவிலக்குக் கேட்டபோது, லட்லோவில் கேத்தரினும் ஆர்தரும் உண்மையில் கணவன் மனைவியாக வாழ்ந்தார்களா என்பதே வழக்கின் மையக் கேள்வியானது. இங்கிலாந்துத் திருச்சபை ரோமிலிருந்து பிரிந்தது அந்த வழக்கின் தொடர்ச்சிதான்.

இனி சென்னைத் தொடர்பு. பாழடைந்து கிடந்த இந்தக் கோட்டையை 1811-இல் அரசிடமிருந்து விலைக்கு வாங்கியவர் போவிஸ் பிரபு எட்வர்டு கிளைவ். ராபர்ட் கிளைவின் மகன். 1798 முதல் 1803 வரை மதராஸ் கவர்னராக இருந்தவர். 1799-இல் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும், 1801-இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டதும் அவர் பதவிக்காலத்தில். கோட்டை இன்றும் போவிஸ் குடும்ப எஸ்டேட்டின் சொத்து. இதை மனதில் வைத்துக்கொண்டு அந்த முற்றத்தில் நின்று பாருங்கள். வேறு மாதிரி இருக்கும்.

சர்ச்சுக்குள்ள நாம போகலாமா? பார்க்க வேண்டிய இடமா?

தாராளமாகப் போகலாம். வழிபாடு நடக்காத நேரமாகப் பார்த்துப் போங்கள். புனித லாரன்ஸ் தேவாலயத்தின் கோபுரம் 41 மீட்டர் உயரம், பல மைல் தள்ளி வரும்போதே தெரியும்.

பாடகர் குழு உட்காரும் மர இருக்கைகளை மட்டும் தவறவிடாதீர்கள். மடக்கி வைத்த இருக்கையின் அடிப்பக்கத்தில் சிற்பம் செதுக்கியிருக்கிறார்கள். மொத்தம் 28. வழிபாட்டில் நீண்ட நேரம் நிற்பவர்கள் சாய்ந்துகொள்ள வைத்த சிறு முட்டு அது. தச்சர்கள் அதில் ஊர் வாழ்க்கையை வைத்துவிட்டார்கள். ஒருவர் அடுப்பருகே உட்கார்ந்து குளிர்காய்கிறார். ஒரு நரி ஆயர் உடையில் பிரசங்கம் செய்கிறது. அளவு குறைத்து விற்ற சாராயக்காரியைப் பேய் ஒன்று தோளில் தூக்கிக்கொண்டு நரகத்துக்குப் போகிறது. அவள் கையில் அந்தக் குவளை அப்படியே இருக்கிறது. நம் கோயில் தூண்களின் அடியில் ஊர்க் காட்சிகளைத் தேடிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த இருக்கைகளை விட்டு நகர மனம் வராது.

ஸ்டோக்சேயும் கோட்டைதானே? ஒரே நாள்ல ரெண்டு கோட்டை பார்த்தா போர் அடிக்காதா?

அடிக்காது. இரண்டும் வேறு வகை. லட்லோ அரசர்களின் கோட்டை. ஸ்டோக்சே ஒரு வியாபாரியின் வீடு. லட்லோவிலிருந்து வடமேற்கே ஏ49-இல் 15 நிமிடம். கம்பளி வணிகத்தில் பெரும் செல்வம் சேர்த்த லாரன்ஸ் என்பவர் 1280-களில் கட்டினார். 1291-இல் அதற்கு அரண் அமைத்துக்கொள்ள முதலாம் எட்வர்டு மன்னர் அனுமதி கொடுத்தார். 1294-இல், கம்பளி ஏற்றிச் சென்ற கப்பல் மூழ்கி லாரன்ஸ் இறந்துபோனார். அதற்குப் பிறகு வந்தவர்கள் வீட்டை அதிகம் மாற்றாததால், 700 ஆண்டுக்கு முந்தைய கூடம் ஏறக்குறைய அப்படியே கிடைத்திருக்கிறது.

கூடத்தின் நடுவே தரையில் அடுப்பு எரித்த இடம், மேலே பெரிய ஓக் மரச் சட்டங்கள். ஒரு மூலையில், முழு மரத்தை அறுத்துச் செய்த கனமான படிகள் சுவரோடு ஏறுகின்றன. அப்புறம் வெளியே சுற்றி ஏறி, வீட்டுக்காரர் தங்கிய மாடி அறைக்குப் போங்கள். கணப்பின் இரு பக்கமும் சிறு துளைகள் இருக்கும். அதன் வழியே கீழே கூடத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகளை அங்கிருந்து கிளப்புவது சிரமம். வெளியே மஞ்சள் பூச்சும் மரச்சட்டமுமாக நிற்கும் வாயில்வீடு 17-ஆம் நூற்றாண்டில் சேர்த்தது. அதில் ஆதாம் ஏவாளைச் செதுக்கியிருக்கிறார்கள்.

திப்பு சுல்தான் கூடாரம் இருக்குன்னு சொன்னாங்களே, அது எங்கே?

போவிஸ் கோட்டையில். அது வேல்ஸுக்குள், வெல்ஷ்பூல் ஊரருகே இருக்கிறது. லட்லோவிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். எட்வர்டு கிளைவ் மணந்தது போவிஸ் குடும்பத்துப் பெண் ஹென்ரியெட்டாவை. அந்த வழியில் இரண்டு குடும்பச் சொத்துகளும் ஒன்றாயின. ஹென்ரியெட்டா 1800-இல் தம் மகள்களோடு மதராஸிலிருந்து மைசூர் வரை போய், தஞ்சாவூர், திருச்சி பக்கமெல்லாம் சுற்றியவர்.

தந்தையும் மகனும் மருமகளும் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த பொருள்கள் அங்கே தனி அருங்காட்சியகமாக இருக்கின்றன. 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் வந்த திப்புவின் பொருள்கள் அவற்றில் முக்கியமானவை: அரியணையை அலங்கரித்த பொன் புலித்தலை ஒன்று, பருத்தித் துணியில் பூவேலை செய்த கூடாரம். கூடாரத்தின் முன் நிற்கும்போது துணியின் சாயத்தைப் பாருங்கள். இருநூறு ஆண்டுக்கு மேலாகியும் பூக்களின் சிவப்பு மங்கவில்லை.

வேல்ஸ் எல்லையில் சோதனை எதுவும் கிடையாது. பலகைகள் இரண்டு மொழியில் மாறுவதை வைத்துத்தான் தெரிந்துகொள்வீர்கள். சாலையில் "அராஃப்" என்று எழுதியிருந்தால் மெதுவாகப் போகச் சொல்கிறார்கள். முக்கியமான மாற்றம் ஒன்று: 2023 செப்டம்பர் முதல் வேல்ஸில் தெருவிளக்கு உள்ள ஊர்ப்பகுதிகளில் வேகவரம்பு பொதுவாக 20 மைல். முன்பு சொன்ன 30 மைல் கணக்கு அங்கே செல்லாது.

கொள்ளையடிச்சுட்டுப் போன பொருளை நாமளே காசு குடுத்துப் பார்க்கணுமா?

இந்தக் கேள்வி நியாயமானது, கேட்கிறவர்களின் கோபமும் நியாயமானது. என் கருத்து: போய்ப் பார்க்க வேண்டும். நம் வரலாற்றின் ஒரு பகுதி அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அதை நாம் பார்க்காமல் விட்டால் வேறு யார் அதன் முன் நின்று நம் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள்? அங்குள்ள பணியாளர்களிடம் கேள்வி கேளுங்கள். வருகையாளர் கருத்து எழுத இடமிருந்தால் எழுதுங்கள். பொருள்கள் திரும்ப வேண்டுமா என்ற விவாதம் இங்கேயே நடக்கிறது. அதில் நம் குரலும் வேண்டும்.

ஷ்ரூஸ்பரி நகரச் சதுக்கத்தில் ராபர்ட் கிளைவுக்கு 1860-இல் வைத்த சிலை நிற்கிறது. அவர் பிறந்தது இந்த மாவட்டத்தில், மார்க்கெட் டிரேட்டன் அருகே. 1744-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராக மதராஸுக்கு வந்தார், 1751-இல் ஆற்காட்டு முற்றுகையில் பெயர் பெற்றார். 2020-இல் சிலையை அகற்றச் சொல்லி மனுக்கள் போயின. சிலை அங்கேயே இருக்கிறது. கட்டணம் கொடுக்க மனமில்லாதவர்கள் அங்கே போய் நின்றும் இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

டிக்கெட்டுக்கு ஏதாவது பாஸ் இருக்கா? ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா குடுத்தா கட்டுப்படி ஆகாதே?

இடங்கள் மூன்று கைகளில் இருக்கின்றன. ஸ்டோக்சே, ராக்ஸிட்டர் ரோமானிய நகரம், வென்லாக் மடம் ஆகியவை இங்கிலிஷ் ஹெரிடேஜ் என்ற அமைப்பின் பராமரிப்பில். போவிஸ் கோட்டை நேஷனல் டிரஸ்ட் என்ற இன்னொரு அமைப்பின் கையில். லட்லோ கோட்டை இரண்டிலும் சேராது, தனிச் சீட்டுதான். வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு இங்கிலிஷ் ஹெரிடேஜ் 9 நாள், 16 நாள் சீட்டு தருகிறது. ஸ்டோன்ஹெஞ்சும் அதில் அடங்கும் என்பதால், அங்கேயும் போகிறவர்களுக்கு லாபம். இங்கேயே குடியிருப்பவர் என்றால் ஏதாவது ஒன்றில் ஆண்டு உறுப்பினராகிவிடுங்கள்.

இந்த அயர்ன்பிரிட்ஜ், அது வெறும் பாலம்தானே? அதுக்கு 50 நிமிஷம் ஓட்டணுமா?

உலகின் முதல் பெரிய இரும்புப் பாலம். 1779-இல் செவர்ன் ஆற்றின் மேல் வார்ப்பிரும்பு வளைவை ஏற்றி நிறுத்தினார்கள். 1781-இல் போக்குவரத்துக்குத் திறந்தார்கள். இரும்பில் பாலம் கட்டி யாருக்கும் அனுபவமில்லாததால், துண்டுகளைத் தச்சர்கள் மரத்தைப் பொருத்துவது போலவே முளையும் துளையும் ஆப்புமாகப் பொருத்தியிருக்கிறார்கள். பாலத்தின் அடிக்குப் போய் அந்த இணைப்புகளைப் பார்ப்பதற்காகவே இவ்வளவு தூரம் வரலாம். நடந்து கடக்கக் கட்டணமில்லை.

பக்கத்தில் கோல்புரூக்டேலில், 1709-இல் ஆபிரகாம் டார்பி மரக்கரிக்குப் பதில் கல்கரியை வைத்து இரும்பு உருக்கிய உலை இருக்கிறது. திரும்பும் வழியில் ராக்ஸிட்டர்: ரோமானிய பிரிட்டனின் நான்காவது பெரிய நகரம். இன்று பெரும்பகுதி வயலுக்கு அடியில், குளியல் மண்டபத்தின் 7 மீட்டர் சுவர் மட்டும் தனியாக நிற்கிறது.

எல்லாத்தையும் ஒரே நாள்ல முடிச்சுட முடியுமா?

முடியாது, முயலவும் வேண்டாம். வரைபடத்தில் 60 கிலோமீட்டர் என்று காட்டினாலும், டிராக்டருக்குப் பின்னால் போனால் ஒன்றரை மணி நேரம். லட்லோவில் இரண்டு இரவு தங்குங்கள். வந்த நாள் முழுக்க ஊருக்குள் நடை. மறுநாள் காலை ஸ்டோக்சே, பிறகு போவிஸ். மூன்றாம் நாள் அயர்ன்பிரிட்ஜ், நேரமிருந்தால் ராக்ஸிட்டரும் ஷ்ரூஸ்பரியும். ஒரு நாள்தான் உண்டு என்றால் லட்லோவும் ஸ்டோக்சேயும் மட்டும்.

ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும். குளிர்காலத்தில் பல இடங்கள் வாரத்தில் சில நாள் மட்டுமே திறக்கும், ஆகவே கிளம்பும் முன் அந்தந்த இடத்தின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். மே மாதமும் செப்டம்பரும் எனக்குப் பிடித்தவை.

சைவம் சாப்பிடுறவங்க என்ன பண்றது?

பட்டினி கிடக்க வேண்டியதில்லை, ஆனால் நேரம் முக்கியம். கிராமத்து பப்களில் மதியச் சமையல் இரண்டு, இரண்டரைக்கு முடிந்துவிடும். மறுபடி ஆறு மணிக்குத்தான். மூன்று மணிக்குப் பசியோடு போனால் சிப்ஸ் பாக்கெட்தான் கிடைக்கும். தோலோடு சுட்ட பெரிய உருளைக்கிழங்கில் பீன்ஸ், காய்கறி சூப், சீஸ் வெங்காயம் வைத்த பேஸ்ட்ரி எல்லா இடத்திலும் உண்டு. உருளைக்கிழங்கு வறுவலை மாட்டுக்கொழுப்பில் பொரிக்கும் கடைகளும் இருப்பதால், கேட்டுவிட்டு வாங்குங்கள். இந்திய உணவகங்கள் பெரும்பாலும் மாலையில்தான் திறக்கும். வீட்டிலிருந்து புளிசாதம் கட்டிக்கொண்டு போய், டின்ஹாம் பாலத்தருகே ஆற்றங்கரைப் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடுவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வேன். தலைக்கு மேலே கோட்டை, எதிரே தடுப்பணையில் விழும் தண்ணீர்.

எங்கட அம்மாவால கன தூரம் நடக்க ஏலாது. அவவையும் கூட்டிக்கொண்டு போகலாமோ?

போகலாம், இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லட்லோ கோட்டையின் வெளிமுற்றம் புல்தரை, மெதுவாக நடக்கலாம். கோபுரப் படிகளை விட்டுவிடுங்கள். தேவாலயம் சிரமமில்லை. ஸ்டோக்சேயில் கூடம் வரை சரி, மாடிக்குச் செங்குத்தான படிகள். போவிஸின் தோட்டம் மலைச்சரிவில் அடுக்கடுக்காக இறங்குகிறது, முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மேல் அடுக்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அங்கே மயில்கள் உலவும்; அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும்.

கோடையிலும் ஒரு சால்வையும் மழைக்கோட்டும் கட்டாயம். கல் கட்டடத்துக்குள் வெளியே இருப்பதைவிடக் குளிரும்.

திரும்பி வர்ற வழியில கோயில் ஏதாவது இருக்கா?

இருக்கிறது. டிவிடேலில் உள்ள வெங்கடேஸ்வரர் பாலாஜி கோயில், 2006-இல் திறந்தது. எம்5 நெடுஞ்சாலையின் இரண்டாவது சந்திப்புக்குப் பக்கம், பர்மிங்காம் திரும்புகிறவர்களுக்குப் பெரிய சுற்று இல்லை. நடை சாத்தும் நேரத்தைக் கிளம்பும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலை கிடெர்மின்ஸ்டர் பக்கம் போக்குவரத்து நெரிசல் இருக்கும் என்பதால் அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொண்டு புறப்படுங்கள். அன்றிரவே காரைத் திருப்பித் தர வேண்டுமானால் பெட்ரோலைக் கிடெர்மின்ஸ்டருக்குள் நிரப்பிவிடுங்கள். கிராமத்து பெட்ரோல் பங்க்குகள் மாலையில் சீக்கிரம் மூடிவிடும். பச்சைக் கைப்பிடி பெட்ரோல், கறுப்பு டீசல்.